மாப்பிள்ளை காட்டிய இடம்

காடாம்புலியூர் முந்திரிக் கொல்லைக்குள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரி நுழைந்ததுமே ராஜ்கமல் நாற்காலியில் நெளிந்தான்.

“எங்க போடலாம், சொல்லுங்க மாப்ள,” என்றார் மாமனார் உத்திராபதி, ஊரே சுற்றி நிற்க.

“மாமா, என் ஆராய்ச்சி வேற. பாறையும் தூசியும் மோதி மோதி கிரகம் உண்டாவுது. அதுல தண்ணி பொறக்கும்போதே இருந்துதா, அப்புறம் விண்கல்லு கொண்டாந்துதா, அங்க உயிர் தங்குமான்னு...”

“ஆகாசத்துல தண்ணி தேடுறவரு, காலடியில இருக்கறதச் சொல்லட்டுமே!” என்று கூட்டத்தில் ஒருவர் கேலி செய்தார்.

அக்னி நட்சத்திர வெயில் மண்டையைப் பிளந்தது. பலாமர நிழலில் போட்டிருந்த நாற்காலியை விட்டு எழ மனமில்லாமல், “இங்கியே போடுங்க,” என்று சொல்லிவிட்டான் ராஜ்கமல்.

சாயங்காலம் தண்ணீர் பீறிட்டது. கேலி செய்தவரே கைதட்டினார். ராஜ்கமலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மலர்க்கொடியிடம் கிசுகிசுத்தான். “குருட்டாம்போக்குல சொன்னேன். எப்படியோ மானம் தப்பிச்சுது.”

அவள் சிரித்தாள்.

“ஊர்ல உங்கள யாரும் கேலி பண்ணக்கூடாதுன்னு, அப்பா முந்தாநாளே ஆள் வெச்சு நீரோட்டம் பாத்துட்டாரு. அந்த எடத்துலதான் நாற்காலியே போட்டாரு. இந்த வெயில்ல நீங்க நெழல விட்டு நகர மாட்டீங்கன்னு அவருக்குத் தெரியாதா?”