அம்மா வாங்கிய பச்சை

எங்கள் பல்கலைக்கழகத்தில் களப்பயணம் போக வேண்டுமென்றால் வீட்டிலுள்ளவர்கள் பரீட்சையில் பாஸாக வேண்டும். பயணத்துக்கு முன்போ நடுவிலோ, மாணவியின் குரலிலேயே இயந்திரம் வீட்டுக்குப் போன் செய்து விபத்து என்று சொல்லும். பதறாமல் விவரம் கேட்டால் பச்சை. பதறினால் சிவப்பு, போனவள் பாதியிலேயே திரும்ப வேண்டும்.

என்னோடு படிக்கும் காவ்யாவின் அப்பா வங்கி மேலாளர். எப்போதும் பச்சைதான். என் அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. முதல் தடவை உப்புக் கூடையைப் போட்டுவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே ஓடிவிட்டாள். பெற்றவள் அழுவதற்குப் பெயர் 'குடும்ப அபாயம்' என்று மெயில் அனுப்பினார்கள். எந்த மடையன் வைத்த பெயரோ! இன்னொரு சிவப்பு விழுந்தால் ஆராய்ச்சியே போச்சு என்றார்கள். லீவில் உட்கார்ந்து அம்மாவைப் பழக்கினேன். போன மாதம் பச்சை வாங்கிவிட்டாள்.

இன்று வால்பாறை மலைப்பாதையில் எங்கள் வேன் உருண்டது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் நர்ஸ் போனை என் காதில் வைத்தாள்.

"அம்மா, வேன் கவுந்துட்டு. காலை எடுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு. நீ வாம்மா."

"எந்த ஊரு? எந்த ஆஸ்பத்திரி?" அம்மா நிதானமாகக் கேட்டாள்.

"வால்பாறை. அம்மா, இது நெசமாவே நான்தான், இசக்கி!"

"போன தடவையும் இப்படித்தான சொன்னிய." சிரித்தாள். "நான் அழல பாத்தியளா, சார்? எம்புள்ளயத் திருப்பி அனுப்பிராதிய."