தடுத்து வைத்த பதிவு

மீன்தொட்டி வளர்ப்பவர்களின் அந்தச் சிறிய இணைய மன்றத்தில் வரன் தேடும் விளம்பரங்கள் வந்து மொய்த்தன. மன்றத்தை நடத்தும் மதிவதனி தனிச்செய்தி வசதியை மூடினாள். 'கல்யாணம்' என்ற சொல் இருக்கும் பதிவுகள் தானாகவே தடுக்கப்படும்படி செய்தாள். விளம்பரங்கள் நின்றன. கூடவே, தினமும் அவளுடைய மீன்களை நலம் விசாரிக்கும் தீர்த்தகிரியும் பேசாமல் போனான்.

"சண்டையா?" என்று கேட்டாள் அண்ணி.

"சண்டை போடற அளவுக்கு என்ன பேசிட்டோம் அண்ணி? மீனைப் பத்திதான்."

ஞாயிறு காலை, தடுக்கப்பட்ட குப்பைகளை அழிக்க உட்கார்ந்தபோது நடுவில் அவன் பதிவு கிடந்தது.

"உங்களுக்கு மட்டும் எழுத வழியில்லை. அதனால் இங்கேயே கேட்கிறேன். கல்யாணம் செய்துகொண்டு நம் தொட்டிகளை ஒரே ஹாலில் வைக்கலாமா? பிடிக்கவில்லை என்றால் பதில் வேண்டாம். இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்."

"ஐயோ அண்ணி, இத்தனை நாளா நான் பதிலே சொல்லலையே!"

மதிவதனி 'வெளியிடு' என்பதை அழுத்தினாள்.

"அடியே, மன்றத்துல எல்லாரும் பார்ப்பாங்களே!"

"அவரும் எல்லாரும் பார்க்கற இடத்துலதானே கேட்டார்" என்றாள் மதிவதனி. அவள் விரல்கள் அதற்குள் பதிலை எழுதத் தொடங்கியிருந்தன.