சாகச் சம்மதித்தவர்

“உங்க வாழ்க்கையில சோகம்னு ஒண்ணுமே இல்லையாம்மா?”

வினாடி வினா நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கும் பெண் உதட்டைப் பிதுக்கினாள். அதுவரை கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்ன தையல்காரி இதற்குத் திருதிருவென்று விழித்தாள். பக்கத்தில் அவள் கணவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இல்லைங்க மேடம். நல்லாத்தான் இருக்கோம்.”

“இது வெளிநாட்டு நிகழ்ச்சியைப் பார்த்து எடுக்கறதும்மா. அங்கே பதில் தெரிஞ்சா போதும். நம்ம ஜனங்களுக்கு அழுகை வேணும். முதல்ல கண்ணீர், அப்புறம்தான் கேள்வி.” கொஞ்சம் யோசித்தாள். “வீட்டுக்காரர் தவறிட்டார்னு வெச்சுக்கலாமா?”

“யாரு, நானா?” கணவர் துள்ளி எழுந்தார்.

“டிவியில மட்டும்தான் சார். நீங்க பார்வையாளர் வரிசையில உட்காருங்க. கைதட்டவும் ஆள் வேணும்.”

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டு, “சரிங்க” என்றாள்.

வீடு வரும்வரை கணவர் பொரிந்து தள்ளினார்.

“குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். கூசாம சரிங்கறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?”

“டிவியில வர்ற அந்த நாற்காலியில ஒரே ஒரு தடவை உட்காரணுங்க. ரொம்ப நாள் ஆசை.”

“ரெண்டாவது கேள்வியிலயே மண்ணைக் கவ்வப்போற. அதுக்கு நான் சாகணுமாக்கும்!”

பிறகுதான் பரிசுத் தொகை ஞாபகம் வந்தது. பெரிய மனது பண்ணி, சாகச் சம்மதித்தார்.

படப்பிடிப்பில் கடைசி வரிசை கிடைத்தது. விளக்கு எரிந்தால் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இவள் என்ன சொல்லிக் கிழிக்கப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தொகுப்பாளருக்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியாது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“உங்க கணவர் எப்படிப்பட்டவரும்மா?”

“ரொம்ப நல்லவருங்க. எனக்குக் காய்ச்சல்னா ஓடிப்போய் மாத்திரை வாங்கிட்டு வந்து, நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாரு. நான் எதையாவது படிச்சுட்டு வந்து சொன்னா, ‘அப்படியா, இன்னும் சொல்லு’ம்பாரு. நாலு பேர் முன்னாடி ஒரு நாள்கூட என்னை மட்டம் தட்டினதில்லை.”

அரங்கமே மூக்கைச் சிந்தியது. கணவர் மட்டும் யோசித்தார். மாத்திரை வாங்கியது எப்போது? இன்னும் சொல்லு என்றது என்றைக்கு? மண்டையைக் குடைந்தும் ஒன்றும் அகப்படவில்லை. மேடையில் அவள் அழுகை நிற்கவில்லை. அது சொல்லிக்கொடுத்த அழுகை இல்லை என்று அவருக்குப் புரிந்தது. தன்னை அறியாமல் அவரும் அழ ஆரம்பித்தார்.

கண்ணீர் எங்கே என்று அலைந்துகொண்டிருந்த கேமரா லபக்கென்று பிடித்துக்கொண்டது. தொகுப்பாளர் மைக்கோடு ஓடிவந்தார். தையல்காரிக்கு முகம் வெளிறிவிட்டது. மனுஷன் ஒரு வார்த்தை உளறினால் நாற்காலி போச்சு.

“ஐயா, இப்படித் தேம்பி அழறீங்களே! அவங்க கணவரை உங்களுக்குத் தெரியுமா?”

கணவர் எழுந்து நின்றார். மனைவியை ஒரு தரம் பார்த்தார்.

“தெரியாதுங்க. நல்ல மனுஷனா இருந்திருப்பாரு போலிருக்கு.”