வாசலில் ஒரு கதிரை

கிளிநொச்சியில் பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் சின்ன அறை. யன்னல் திரையில் மாலை வெயில் மஞ்சளாகக் கசிகிறது. கழுத்துப் பிடிப்பென்று வந்து குப்புறப் படுத்திருக்கும் பிரேமிளாவின் தோளைக் கிருசாந்தி இளஞ்சூட்டு நல்லெண்ணெயால் நீவுகிறாள். பிரேமிளாவைக் கூட்டிவந்த ஆள் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் பெயரைக் கேட்டபோதுகூட அவர்தான் பதில் சொன்னார், பயணம் போற பிள்ளை என்றும் சேர்த்து. கிருசாந்தி குரலைத் தணித்துக் கேட்கிறாள். “எங்கை பயணம், பிள்ளை?” “டுபாய்க்கு அக்கா. உங்கள மாதிரி மசாஜ் வேலையாம்.” “பழகினனீங்களோ?” “இல்லக்கா. அது தேவையில்லையாம்.” தான் வருடக்கணக்கில் பழகிய வேலைக்குப் பழக்கமே தேவையில்லையா? கிருசாந்தியின் கை ஒரு கணம் நிற்கிறது. “பாஸ்போட் ஆரிட்டை?” “அந்த அண்ணன்கிட்ட. போனையும் வாங்கிட்டாரு.” “உங்களுக்குப் போக விருப்பமோ?” துவாய்க்குள் முகம் புதைந்தபடியே தலை இல்லையென்று அசைகிறது. “அப்ப போகவேண்டாம், அம்மா. நான் இருக்கிறன்.” கையைத் துடைத்துவிட்டு, தெரிந்த பெண் பொலிஸ் ஒருவருக்குச் சத்தமில்லாமல் செய்தி அனுப்புகிறாள். “இன்னும் முடியேல்லையோ?” என்கிறது வாசலில் இருந்து அந்த ஆளின் குரல். “எண்ணெய் ஊறோணும், இருங்கோ.” பிரேமிளாவின் முதுகைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் இருந்து அவள் தலையை மெல்லக் கோதுகிறாள். வெளிப் படலையில் பொலிஸ் ஜீப் ஒன்று வந்து நிற்கிறது. “அண்ணை, அந்தப் பிள்ளையின்ரை பாஸ்போட்டை ஒருக்கா எடுங்கோ” என்கிறது ஒரு பெண்குரல். பிரேமிளா தலையை நிமிர்த்துகிறாள்.