அக்கா மகனுக்கு இடமில்லை

“சொந்த அக்கா மகனுக்கே இடமில்லைன்னுட்டாராமே! மனுஷன்னா இவர்தான்யா!”

போர்ட் மோர்ஸ்பி ரேடியோவில் காலையிலிருந்து இதே பேச்சு. ஆஸ்திரேலியாவின் பெரிய ரக்பி லீக் போட்டியில் இனிமேல் பாப்புவா நியூ கினிக்கும் ஒரு டீம். நாடே தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் புது டீமுக்கு உள்ளூர்ப் பையன்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும் வேலை கெப்பாஸுக்கு.

கடைசியில் மிஞ்சியது, ஆட்டத்தை முன்னின்று நடத்தும் ஹாஃப்பேக் இடம் ஒன்றுதான். அதற்குப் போட்டி இரண்டு பேர். ஒருவன் நிக்சன், கெப்பாஸின் அக்கா மகன். இன்னொருவன் ராபின். மலைநாட்டில் கெப்பாஸின் குலத்தோடு வெட்டும் குத்துமாக இருக்கிற அக்கரைக் குலத்தான்.

கெப்பாஸ் ராபினை எடுத்தார்.

‘அந்த ஊரில் டீம் வைத்தால் வான்டோக் வான்டோக் என்று அவனவன் மொழிக்காரனையும் சொந்தக்காரனையும்தான் சேர்ப்பான்’ என்று சிட்னியில் சிலர் ஏளனம் பேசியிருந்தார்கள். இப்போது அவர்கள் வாயை அடைத்தாயிற்று. கெப்பாஸ் ஒரு பாக்கைக் கடித்து, சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டு, ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். புகழ் யாருக்குத்தான் கசக்கும்?

கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள் அக்கா ரெஜினா. பின்னாலேயே நிக்சன்.

“அந்தக் கருமத்த அணைடா முதல்ல!”

அணைத்தார்.

“எம்புள்ள நேத்துலேர்ந்து பட்டினி. மீன் டின்னத் திறந்து வச்சா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறான்.”

“அக்கா, உனக்குப் புரியாது. இது நாட்டோட மானப் பிரச்சினை.”

“மானத்தப் பத்தி நான் கேக்கல. என் கண்ணப் பாத்துச் சொல்லு. மைதானத்துல யாருடா நல்லா ஆடுனா?”

கெப்பாஸ் கூரையைப் பார்த்தார். “ரெண்டு பேருமே... ஒருத்தருக்கொருத்தர் சளைச்சவங்க இல்ல.”

“கண்ணப் பாருன்னா கூரையில பல்லி புடிக்கிற?”

“இவன எடுத்திருந்தா என்ன பேசுவாங்க தெரியுமா? மாமன்காரன் வேலையக் காட்டிட்டான்னு பேசுவாங்க. அதையே சாக்கா வச்சு டீமையே வேற ஊருக்குத் தூக்கிக் குடுத்துருவாங்க!”

“நல்ல மாமன்டா நீ! அடுத்த தடவ நம்ம வீட்டுல பன்னி வெட்டுறப்ப வந்துராத. உனக்கு எலும்புகூடக் கிடையாது.”

பெற்றவள் அப்படித்தான் பேசுவாள் என்று கெப்பாஸ் மனதைத் தேற்றிக்கொண்டார்.

வெளியே நாய்கள் குரைத்தன. தெருவில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால், ராபின்! தன்னந்தனியாக வந்துகொண்டிருந்தான். அக்கம்பக்கத்தில் இருந்த கெப்பாஸின் குலத்தார் அதற்குள் அரிவாளும் கையுமாகச் சூழ்ந்துவிட்டார்கள்.

“என் இடத்தப் புடிச்சது பத்தாதா? வீடு தேடி வந்து வேற காட்டணுமாடா?” நிக்சன் பாய்ந்தான். ரெஜினா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ராபின் வெறும் கைகளைத் தூக்கிக் காட்டினான்.

“வெட்டுறதா இருந்தா நான் பேசி முடிச்சப்பறம் வெட்டுங்க. கெப்பாஸ் சார், கோச்சுக்குப் போன் போடுங்க. எனக்குப் பதிலா நிக்சன எடுக்கச் சொல்லுங்க.”

அரிவாள்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

“உனக்கென்ன பைத்தியமா?” என்றார் கெப்பாஸ். “விட்டா மறுபடி கிடைக்கிற இடமா இது?”

“தெரியும் சார். எங்கம்மா வீட்டுல அழுதுட்டிருக்கு. எங்க ஆளுங்க என்னை அடிக்காத குறைதான். ஆனா தேர்வு மேட்ச் அன்னிக்கு இவன் என்னைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சு ட்ரை போட்டான். நான் மண்ணத்தான் புடிச்சேன். கோட்டோரமா நீங்களே நின்னு பாத்தீங்களே சார்?”

கெப்பாஸ் வாயிலிருந்த பாக்கை ஓரமாகத் துப்பினார்.

“போன உடனே மத்த ஊர்க்காரங்ககிட்ட உதை மேல உதை வாங்கினா, நம்ம டீம் எத்தன நாளைக்கு நிக்கும்? டீமுன்னு ஒண்ணு இருந்தாத்தான சார் நான் அடுத்த வருஷமாவது ஆட முடியும்?”

“ஆனா... ஊரு என்னைப் பத்தி என்னப்பா பேசும்?”

ராபின் அவரை நேராகப் பார்த்தான்.

“சார், நான் நல்லா ஆடினேன்னு நீங்க என்னை எடுக்கல. உங்க எதிரிக் குலத்துல பொறந்தேன்னு எடுத்தீங்க. சொந்தக்காரன்னு எடுக்கறதுக்கும் இதுக்கும் என்ன சார் வித்தியாசம்?”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது கெப்பாஸுக்கு. நிக்சன் தலையைக் குனிந்துகொண்டான். முதலில் அசைந்தது ரெஜினாதான். அரிவாள்காரர்களை விலக்கிவிட்டு ராபின் கையைப் பிடித்தாள்.

“உள்ள வாய்யா. வெயில்ல எவ்வளவு தூரம் நடந்து வந்தியோ.”

கெப்பாஸ் போனை எடுத்தார். ஹலோ சொல்வதற்கு முன்பே கோச் உற்சாகமாக ஆரம்பித்துவிட்டார்.

“கெப்பாஸ்! இப்பதான் ரேடியோ கேட்டேன். இவ்வளவு நேர்மையான ஒரு ஆளு நம்ம டீமுக்குக் கிடைச்சது பெரிய அதிர்ஷ்டம்யா!”

“ஹாஃப்பேக் இடத்துக்கு நிக்சன்தான் சார் சரியான ஆளு. தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்” என்றார் கெப்பாஸ். “நீங்க சொல்ற அந்த நேர்மையான ஆளு, எங்கக்கா சுட்டுக் குடுத்த கிழங்கச் சாப்பிட்டுக்கிட்டு இங்க உக்காந்திருக்கான். அவனுக்கும் எப்படியாவது ஒரு இடம் பாருங்க சார்.”