கடைசியாகப் பேசுகிறவர்

கதவு தட்டப்பட்டது. நீதிபதி வெர்னா டில்மன் திறக்கப் போகவில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், ஒன்பது நீதிபதிகள் மட்டுமே இருக்கும் அறை அது. வேறு ஈ காக்கை நுழையக்கூடாது. கதவைத் திறப்பதும், காபி ஊற்றிக் கொடுப்பதும் கடைசியாக வந்து சேர்ந்த நீதிபதியின் வேலை. வாஷிங்டனுக்கு வந்து இரண்டு மாதமே ஆன வெர்னாதான் அந்தக் கடைசி ஆள்.

“கதவு, வெர்னா,” என்றார் தலைமை நீதிபதி.

“நான் இன்னும் பேசி முடிக்கலைங்க.”

தீர்ப்பு என்னவென்று கேட்டுத்தான் தட்டுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெற்கே ஒரு சிறையில் டாரல் என்பவனுக்கு இன்று மரண தண்டனை. வழக்கில் ஆதாரமாகக் காட்டிய சட்டையிலிருந்த ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லி அவன் கெஞ்சியிருந்தான். இவர்கள் பதில் சொல்லும்வரை அவனைத் தொடக்கூடாது. ஆறு மணி தாண்டினால் தண்டனை உத்தரவு காலாவதி. புது உத்தரவு வாங்க மாதக்கணக்காகும்.

ஐந்து பேர் முடியாது என்று சொல்லியாகிவிட்டது. மூன்று பேர் டாரல் பக்கம். வெர்னாவைச் சேர்த்தாலும் நான்குதான்.

ஆனால் அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவராகப் பேச வேண்டும். பேசுகிறவரை யாரும் நிறுத்தக்கூடாது.

வெர்னா நிற்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

ஒஹாயோவில் ஏழைக் கைதிகளுக்காக வாதாடிய காலமெல்லாம் “உங்கள் நேரம் முடிந்தது” என்று எத்தனை நீதிபதிகள் வாயை அடைத்திருப்பார்கள்! இங்கே எவரும் அதைச் சொல்ல முடியாது. அந்த நினைப்பே இனித்தது.

முதல் ஆளாக, எல்லோரையும்விட உரக்க ‘முடியாது’ என்றவர் கிழவர் கார்ட்ரைட். அவர் சும்மா இருப்பாரா?

“உங்களை நீதிபதியாக்குறதுக்கு முன்னாடி செனட்டுல அத்தனை கேள்வி கேட்டாங்க, வாயே திறக்கலை. இப்ப வட்டியும் முதலுமா பேசுறீங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்துவிட்டு, சாட்சி நின்ற தெருவிளக்குக்குப் போனார். பிறகு சட்டைக்கு. பிறகு சட்டத்துக்கு.

தொண்டை கட்டியது. சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கடிகாரத்தில் ஆறாக இன்னும் நேரமிருந்தது. வெர்னாவுக்கு அழுகை முட்டியது.

“அவ்வளவுதானே?” தலைமை நீதிபதி பேனாவை எடுத்தார்.

கார்ட்ரைட் காலிக் கோப்பையை நகர்த்தினார். “ஒரு காபி கொடுங்க, வெர்னா. சர்க்கரை வேண்டாம்.”

ஒரு உயிர் போகப் போகிறது, இந்தக் கிழவருக்குக் காபி! வெர்னா எழுந்து ஊற்றினார். ‘டக்’கென்று வைத்ததில் கொஞ்சம் தட்டில் சிந்தியது.

கார்ட்ரைட் ஊதி ஊதி, அவசரமே இல்லாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“என் ஓட்டு மாறாது,” என்றார். “ஆனா வயசாச்சு பாருங்க, காது சரியா கேக்கலை. முதல்ல இருந்து சொல்லுங்க.”