இரண்டாம் பாகத்து வில்லன்

படத்தின் முதல் பாகத்தில் வில்லனாக நடித்த இயந்திர மனிதனைப் பார்த்து ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். அதனால் இரண்டாம் பாகத்துக்கு, வீட்டுக் கேமராக்களில் பதிவான நிஜ அடிதடிகளைக் காட்டி அந்த இயந்திர மனிதனைப் பழக்கியிருந்தார்கள்.

ஈரோட்டுத் தியேட்டரில் முதல் நாள். திரையில் இயந்திர மனிதன் கத்தவில்லை. கையிலிருந்த வாட்சை நிதானமாகக் கழற்றி, அதன் கண்ணாடியைத் துடைத்து, மேசைமேல் வைத்தான். பிறகு விஞ்ஞானியின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். பல் தெறித்து விழுந்தது. அடுத்த காட்சியில் அவன் விரல் வாட்சைத் தொட்டதுமே தியேட்டர் அலறியது.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பூங்கோதையின் நாக்கு, போன மாதம் உடைந்த தன் கடைவாய்ப் பல்லைத் தேடிப் போனது. அவள் வீட்டுக் கூடத்திலும் ஒரு கேமரா உண்டு.

பக்கத்தில் அவள் கணவன் கருணாகரன் விசிலடித்தான். "இவன்தான்டி வில்லன்! என்னா நிதானம் பாரு!" அவனுக்குத் தன்னையே அடையாளம் தெரியவில்லை.

இடைவேளையில் அவள் நீட்டிய காபி தளும்பி அவன் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

"கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று மெதுவாகக் கேட்டான். வாட்சைக் கழற்றினான். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தான்.

பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. கருணாகரன் திரையைப் பார்த்தான். அது வெறும் வெள்ளையாக இருந்தது. திரும்பினான். வரிசை வரிசையாக ஜனங்கள் எழுந்து நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன் வரிசைப் பெண்மணி ஒருத்தி நாற்காலியைத் தாண்டி வந்து பூங்கோதைக்கு முன்னால் நின்றாள்.

"வாட்சைக் கட்டுய்யா."